பைய இழுங்க

திருநெல்வேலியில் நான் முதன்முதலாக வந்து இறங்கிய அன்று, பேருந்து நடத்துநர் என்னைப் பார்த்து, "பைய பாத்து இறங்கும்" என்றார். நான் தோளில் கிடந்த பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு இறங்கினேன். ஊரில் திருட்டு பயம் போலிருக்கிறது, நல்ல மனிதர், எச்சரிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். அன்று மாலையே, நான் வாடகைக்குப் பிடித்த மாடி அறையின் சொந்தக்காரர், "படி செங்குத்தா இருக்கும் சார், பைய பாத்து ஏறுங்க" என்றார். மறுபடியும் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். என்னடா இது, ஊரே என் பை மேல் கண்ணாக இருக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது.

பைய என்றால் அந்தச் சீமையில் மெதுவாக என்று அர்த்தம். நிதானமாக, அவசரமில்லாமல். பைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெட்ராஸில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. தெரிந்துகொண்ட விதத்தில் ஒரு மனிதர் செத்துப்போயிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாமிரபரணிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன நெசவாலை. அங்கே பராமரிப்பு எஞ்சினியர் என்று எனக்கு வேலை கிடைத்திருந்தது. பெயர்தான் எஞ்சினியர். ஓடாத மோட்டார், ஒழுகும் குழாய், அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாம் என் தலையில். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் என்னை முன்கோபி என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை: எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவது.

அந்த ஆலையில் எனக்குப் பயம் கஞ்சிக்குழி மேல். தறியில் ஏற்றும் நூல் அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். மிஞ்சிய கஞ்சியும் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர்கிற நிலத்தடித் தொட்டிதான் கஞ்சிக்குழி. மூன்று ஆள் ஆழம். மேலே ஒரு மனிதன் தோளைக் குறுக்கினால் நுழையக்கூடிய ஒரு வட்ட வாய். உள்சுவரில் துருப்பிடித்த இரும்புப் படிகள். பாதி ஆழத்தில் சுவரிலிருந்து ஒரு குழாய் துருத்திக்கொண்டு நிற்கும். அடியில் மாதக்கணக்காகக் கிடக்கும் கஞ்சி, புளித்த தோசைமாவு போல மேலே தோல் கட்டி, உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். மூடியைத் திறந்து நான் முதல்முறை எட்டிப் பார்த்தபோது ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலாளியை, மூடியை ஏன் பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறாய் என்று கண்டபடி திட்டினேன்.

குழி வேலைக்கென்று இரண்டு பேர் உண்டு. கயிறு பிடிப்பவர் மேலப்பாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் பாய். உள்ளே இறங்குபவர் சாத்தான்குளம் பக்கம். நாற்பது வயதிருக்கும். வாலிபத்தில் பனை ஏறிய உடம்பு. ஆலை முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், வயதில் மூத்த பாய் உட்பட. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேலி செய்வதென்றால்கூட மெல்லிய குரலில், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு செய்வார்.

அவர்கள் இருவருக்கும் சில கட்டுப்பாடுகள் இருந்தன. முதல் நாளே மூடியைத் திறந்து போட வேண்டும். காலையில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்க வேண்டும். அது அணையாமல் திரும்பி வந்தால்தான் ஆள் இறங்கலாம். தீப்பற்றி வெடிக்கக்கூடிய வாயு இருக்கும் அந்தக் குழிக்குள் எரியும் விளக்கை விட்டோம் என்று இப்போது நினைத்தால் நம்பவே முடியவில்லை. அன்றைக்கு அதுதான் எங்களுக்குத் தெரிந்த சோதனை. இறங்குபவரின் அக்குளுக்குக் கீழே கயிறு கட்ட வேண்டும். "இடுப்புல கட்டினா மயங்குன ஆளு ரெண்டா மடங்கிருவான் சார். இந்த வாய் வழியா வராது" என்பார் பாய். கடைசியாக, மேலே எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒரு ஆளை ஒரு ஆள் தூக்க முடியாது.

என் பங்குக்கு நானும் ஒரு சீர்திருத்தம் செய்தேன். கஞ்சிச் சகதியை அவர்கள் பழைய சாக்கில் அள்ளி மேலே இழுத்தார்கள். சாக்கு நனைந்து கிழியும், பாதி திரும்பக் குழிக்குள்ளேயே கொட்டும். நான் டவுனில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் போய், கெட்டி கான்வாஸில், இரண்டு காது வைத்து ஒரு பை தைத்து வாங்கி வந்தேன். ரொம்பப் பெருமை எனக்கு. ஆனால் அவர்கள் இருவரும் அதையும் சாக்கு என்றே சொன்னார்கள். "சாரோட சாக்கு" என்றார் அண்ணாச்சி. "சாக்கு இல்லைங்க, பை. பைன்னு சொல்லுங்க" என்று இரண்டு மூன்று தடவை திருத்தினேன். அவர் தலையை ஆட்டுவார், அடுத்த நிமிடம் சாக்கு என்பார். எனக்கு மூக்கு விடைக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் விளக்கு இறக்கி எடுத்தாயிற்று. அண்ணாச்சி இறங்கி மண்வெட்டியால் அள்ள, பாயும் நானும் மேலே நின்று இழுத்தோம். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தடவை அண்ணாச்சியை மேலே ஏற்றும்போது நான் வேகமாக இழுத்துவிட்டேன். அந்தத் துருத்திய குழாயில் அவர் தோள் உரசித் தோல் கிழிந்துவிட்டது. அவர் தோளில் கொஞ்சம் தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குப் பாய் கை கால் கழுவி, வெள்ளைத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஜும்ஆ தொழுதுட்டு வந்துருதேன் சார். அதுவரை அண்ணாச்சி மேலயே இருக்கட்டும். ஆளு இல்லாம இறக்கிராதீய."

"சரி, சரி, போயிட்டு வாங்க."

அவர் போன பத்தாவது நிமிடம் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. இரண்டு மணிக்குக் கஞ்சி மெஷின் ஓடியாக வேண்டும், அதற்குள் குழியை மூடச் சொல்கிறார் மேனேஜர். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாய் வந்துரட்டுமே சார். இப்ப வந்துருவாரு."

"ஏன், என்னைப் பார்த்தா மனுஷனாத் தெரியலையா? ஒரு கயித்தைப் பிடிக்கக்கூட எனக்குத் துப்பு இல்லையா?"

அவர் மோர்த் தூக்கை மூடி வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "சரி சார்" என்றார். அவ்வளவுதான். கயிற்றை அவரே அக்குளுக்குக் கீழே கட்டிக்கொண்டார். விளக்கை மறுபடி இறக்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில்தான் பார்த்தோமே. காலை முழுக்க அவர் அடியைக் கிளறியிருக்கிறார், தோல் கட்டிக் கிடந்ததெல்லாம் உடைந்து உள்ளே அடைந்திருந்த விஷக்காற்று வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

என் முன்னால் இரண்டு கயிறுகள். தடித்த கயிறு அண்ணாச்சியுடையது. குழி வாய்க்கு மேலே நட்ட மூன்று இரும்புக் குழாய்களின் நடுவில் தொங்கும் கப்பி வழியாக வந்து, வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. மெல்லிய கயிறு பையுடையது. அதை வெறும் கையாலேயே இழுத்துவிடலாம். மதிய நேரம். தறிக்கூடத்தின் இரைச்சல் தவிர வேறு சத்தமில்லை. பக்கத்தில் ஒரு ஈ காக்காய் கிடையாது. நாற்றம் குறைந்திருந்தது. குறைந்தது என்ன, அறவே இல்லை. அப்பாடா, காற்று சுத்தமாகிவிட்டது என்று மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்தேன். அந்த வாயு முதலில் கொல்வது மூக்கைத்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். நாற்றம் நிற்கும்போதுதான் ஓட வேண்டுமாம்.

ஒரு பை வந்தது. கொட்டினேன். இரண்டாவது பை வந்தது. கொட்டினேன். மூன்றாவதுக்குப் பையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பைய இழுங்க சார்."

சாதாரணக் குரல். கத்தல் இல்லை, பதற்றம் இல்லை. அவர் எப்போதும் பேசுகிற குரல். எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதவே கூசுகிறது. ஒருவழியாகப் பை என்று சொல்லிவிட்டார்! இரண்டு மாதமாகத் தொண்டை வற்றத் திருத்தியதற்குப் பலன். சிரித்துக்கொண்டே மெல்லிய கயிற்றை இழுத்தேன்.

பை லேசாக வந்தது. கால் பங்குகூட நிறையவில்லை. இதற்கு எதற்கு இழுக்கச் சொன்னார் என்று முனகிக்கொண்டே தள்ளுவண்டியில் கொட்டினேன். திரும்பவும் இறக்கினேன்.

"சார்... பைய... இழுங்க..."

குரல் குழறி இழுத்தது. நான் அதைக் கேட்டேன். எனக்குள் ஏதோ ஒரு பயம் சுருக்கென்று தைத்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று சொன்னேனே. வந்தது.

"என்னங்க விளையாட்டு இது? இப்பதானே இழுத்தேன்! காலிப் பை உங்க காலடியிலதான் கிடக்கு! ரொப்பாம இழு இழுன்னா? கண்ணைத் திறந்து பாருங்க!"

'பாருங்க' என்று குழி திருப்பிச் சொன்னது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். நெற்றியைத் துடைத்தேன். சரி, கோபித்துக்கொண்டார் போல, வேலை நடக்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடமா, இரண்டா, தெரியவில்லை. இந்த முப்பது வருடத்தில் அந்த நேரத்தை நான் எத்தனையோ தடவை அளக்கப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை என்பது திடீரென்று உறைத்தது.

"அண்ணாச்சி?"

குனிந்து எட்டிப் பார்த்தேன். வெயிலிலிருந்து இருட்டுக்குக் கண் பழக நேரமாயிற்று. முதலில் பைதான் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு சகதியில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவர். ஒரு கையால் இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைச் சுவரில் வைத்து, அசதியில் சாய்ந்தவர் மாதிரி நின்றிருந்தார். நான் பார்க்கப் பார்க்க அந்தக் கை படியிலிருந்து நழுவியது. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தார். தலை முன்னால் தொங்கியது.

தடித்த கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து இழுத்தேன். ஒரு சாண் வந்தது. மறு சாணுக்கு என் கால் சறுக்கியது. வந்த சாணும் போனது. ஐயோ ஐயோ என்று கத்தினேன். தறிக்கூட இரைச்சலில் யார் காதில் விழும்? செத்துவிடுவார். என் கண் முன்னால், நான் இறக்கிய குழிக்குள், நான் சொல்லி இறங்கிய மனிதர். கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு, செருப்பை உதறிவிட்டு, குழிக்குள் காலை விட்டேன். முதல் படி. இரண்டாம் படி. இடுப்புவரை உள்ளே போய்விட்டேன்.

என் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். கழுத்து இறுகி மூச்சு முட்டியது.

"ஏலே, இறங்காதே! ரெண்டு மய்யித்து, ரெண்டு பொணம் தூக்க என்னால ஆவாது லே!"

பாய். தொப்பி தலையிலேயே இருந்தது. அன்றுவரை என்னைச் சார் என்று தவிர வேறு விதமாகக் கூப்பிடாத மனிதர். என்னை இழுத்துத் தரையில் போட்டார். போட்ட கையோடு கயிற்றைப் பிடித்தார்.

"பிடி லே! எந்திரிச்சுப் பிடி!"

பிடித்தேன். இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து இழுத்தோம். கப்பி கிறீச்சிட்டது. வருகிறது, கயிறு வருகிறது. என் பலமெல்லாம் திரட்டி ஓங்கி இழுத்தேன்.

"பைய! பைய இழு!"

எனக்கு அழுகை வெடித்தது. "பை வேணாம் பாய், ஆளை, ஆளை இழுங்க பாய்!"

"கிறுக்குப் பயலே, பையன்னா மெதுவா லே! குழாய்ல மண்டை இடிக்கும்! பைய!"

பேருந்து நடத்துநரும் மாடிப்படியும் அந்தக் குரலும் எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்தன. பைய இழுங்க சார். காலையில் நான் வேகமாக இழுத்துத் தோளைக் கிழித்துவிட்டேன் இல்லையா, அதற்காகச் சொல்லியிருக்கிறார். தலை சுற்றுகிறது, என்னைத் தூக்குங்கள், ஆனால் மெதுவாகத் தூக்குங்கள். சாகப் போகிற நேரத்தில்கூட அதட்டாமல், மரியாதையாக, இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் நான் சாக்கை இழுத்திருக்கிறேன். கயிறு என் கையில் வழுக்கியது. பாய் ஒரு உதை விட்டார். மறுபடி பிடித்தேன்.

பைய, பைய என்று பாய் சொல்லச் சொல்ல இழுத்தோம். குழாயைத் தாண்டியது. தலை வந்தது, தோள் வந்தது. முகம் சாம்பல் நிறம், உதடு நீலம். வேப்பமர நிழலில் கிடத்தி, பாய் அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாயில் கையை விட்டுச் சகதியை எடுத்தார். மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கினார். "யா அல்லாஹ், மூச்சு விடும் வே, விடும் வே" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மட்டும்தான் எனக்குச் செய்யத் தெரிந்தது. எத்தனை யுகம் கழித்தோ, ஒரு இருமல் வந்தது. அந்த மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நூல் ஏற்றி வந்த லாரியில் போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேனேஜர் கேட்டபோது நான் சொன்னேன்: கப்பிச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. பக்கத்தில் பாய் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார எனக்கு மனம் வரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அண்ணாச்சி, நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. தப்பா புரிஞ்சுக்கிட்டேன். பைன்னா பைன்னு நினைச்சு..."

அவர் முகத்தில் அந்தப் பழைய அப்பாவிக் களை வந்தது. "சாக்கு திரும்பி வந்ததுமே எனக்கு வெளங்கிட்டு சார். சார் சாக்கத்தான் நெனச்சிருக்காவன்னு. சிரிப்புக்கூட வந்துச்சு."

"விளங்கிச்சா? அப்ப ஏன் அண்ணாச்சி வேற மாதிரி கூப்பிடல? தூக்குங்க, மயக்கமா வருதுன்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே? நினைவு இருந்துச்சா அப்ப?"

"கொஞ்சம் இருந்துச்சு."

"பின்ன?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு போர்வையின் நுனியைப் பார்த்தார்.

"நீங்க சத்தம் போட்டு வஞ்சிய சார். சரி, சார் கோவமா இருக்காவ, இனிமே கூப்பிட்டா இன்னும் வைவாவன்னு பேசாம இருந்துட்டேன். கோவம் ஆறட்டும்னு நெனச்சேன்."

விஷக்காற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். சொல் புரியவில்லை, அதையும் ஊர் மேல் போட்டுவிடலாம். ஆனால் மூச்சு முட்டிச் சாகிற மனிதர், காற்றைவிட என் வாய்க்குப் பயந்து சும்மா இருந்திருக்கிறார். அவர் மனைவி உரித்த சுளைகளை ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. அதன் பிறகு அந்தக் குழிக்கு என் பங்கில் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தேன். உள்ளேயிருந்து என்ன சத்தம் வந்தாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், முதலில் ஆளை இழு, அப்புறம் கேள். பாய் அதைக் கேட்டுவிட்டு, "மேல நிக்கவன் வாயையும் கட்டணும் சார்" என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன். கான்வாஸ் பையைத் தூக்கிப் போட்டாயிற்று. சாக்கையே வைத்துக்கொண்டோம்.

கோபம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில், வேலையில், ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் சத்தம் போடுகிறவன்தான். எதிர்த்துப் பேசினால் எனக்கு நிம்மதி. பதிலுக்குத் திட்டினால் இன்னும் நிம்மதி. ஆனால் நான் கத்தி முடித்ததும் எதிரில் இருப்பவர் பேசாமல் போய்விட்டால், உள்ளங்கை வியர்த்துவிடும். மகள் ஒருநாள் அப்படி வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவுக்கு வெளியே நின்று, ஏதாவது சொல்லும்மா, திட்டவாவது செய்யும்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.